நோட்டீஸின் பின்பக்கம்

உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்தத் தாலுகா ஆபீஸுக்கு நாற்பத்தெட்டு வருஷமாக வந்து போகிறேன், ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. என் பின்னால் நூறு பேர் உப்பளத்துக் காலோடு, உப்புநீரில் வெளுத்து வெடித்த காலோடு நிற்கும்போது நான் மட்டும் எப்படி உட்காருவது. ஒரு தாசில்தார் நாற்காலி போடச் சொன்னார், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒரு மணி நேரம் பேசினேன். இன்றைக்கு யாரும் சொல்லாமலே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்து மூன்று வயசு, முழங்கால் என்று சொல்லிக்கொள்ளலாம். முழங்கால் இல்லை, சட்டைப்பையில் இருக்கிற காகிதம். ரெண்டே ரெண்டு ஜெராக்ஸ் தாள், நாலாக மடித்தது. அதற்கு என்ன எடை இருக்கும், ஆனால் குனியும்போதெல்லாம் இடது கை தானாகப் போய்ப் பையைப் பொத்திக்கொள்கிறது. விழுந்துவிடுமோ, யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ. படிக்கக் கொடுப்பதற்குத்தானே கொண்டுவந்தாய் மாசிலாமணி. வழியில் போகிறவன் கையைப் பிடித்து நிறுத்தி நோட்டீஸ் திணித்தவன் நீ. இந்த ஊரில் உன் நோட்டீஸ் படாத கை உண்டா. இந்த ஒன்றை மட்டும் ஏன் பொத்துகிறாய். தரையை இப்போதுதான் துடைத்திருக்கிறார்கள், பினாயில் நெடி மூக்கில் ஏறுகிறது. அக்கா மேல் எப்போதும் இந்த நெடிதான் இருக்கும். குளித்துவிட்டு வந்து கோயிலுக்குக் கிளம்பி நின்றாலும் தலைமயிருக்குள்ளிருந்து லேசாக வரும், ஆஸ்பத்திரிய வீட்டுக்குள்ள கொண்டாராதட்டி என்று அம்மா திட்டுவாள். அந்த நெடி இப்போது அவளிடம் இருக்காது. மண்வாசனை இருக்கும். அதுவும் இருக்காதோ என்னவோ, கழுவி எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். பெட்டி ஒன்றரை அடிதானாம்.

ஒன்றரை அடி. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாலும் அங்கேதான் போய் இடறுகிறது. மலேசியாவில் வடக்கே ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபை, அதன் செயலாளர் நல்ல தமிழில் நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறார். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் வழியாக நெடுஞ்சாலை வருகிறது. குழிகளைத் திறந்து எலும்புகளை எடுத்துத் தனித்தனியாக வைத்திருக்கிறோம். உரியவர்கள் கேட்டால் ஒப்படைப்போம், கேட்பார் இல்லாதவற்றை ஒரே பொதுக்குழியில் சேர்ப்போம். யுத்த காலத்தில் இங்கே காலராக் கொட்டகையில் வேலை பார்த்து, 1944இல் அதே காலராவில் இறந்த இந்தியப் பட்டாளத்து நர்ஸ் கிருபாவதி அம்மையாரின் எலும்புகளும் அவற்றில் உள்ளன, அவர் தங்கள் சகோதரி என்று நம்புகிறோம். தொடை எலும்பின் நீளத்துக்குத்தான் பெட்டி செய்வது, அவர்கள் உயரமானவர்கள் போலும், மற்றப் பெட்டிகளைவிட இது ஒரு விரல்கடை கூடுதலாகப் போயிற்று. ஆமாம் ஐயா, உயரம்தான். நான் அவள் காது உயரம்தான் இருந்தேன். பக்கத்தில் நடக்கப் பிடிக்காமல் ரெண்டு அடி பின்னாலேயே வருவேன், என்னல மாசி, போலீஸ்காரன் மாதிரி பின்னாடியே வார என்பாள். அவளைப் போய் ஒன்றரை அடியில் மடக்கி, இல்லை, மடக்க அங்கே என்ன இருக்கிறது. சபையார் ஒருவர் அடுத்த மாதம் விமானத்தில் சென்னை வருகிறாராம், கையோடு கொண்டுவந்து தருவாராம். அதற்கு ஒரே ஒரு தாள் வேண்டும். இன்னார் இறந்தவரின் நெருங்கிய ரத்த உறவு என்று எங்கள் ஊர் அரசாங்க ஆபீஸின் முத்திரையோடு ஒரு சான்று, பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் ஃபேக்ஸில் போய்ச் சேர வேண்டும். இன்று புதன். இன்றைக்கு விட்டால் தாசில்தார் கேம்ப் போய்விடுவார், திரும்பத் திங்கட்கிழமை. திங்கட்கிழமை அக்கா பொதுக்குழியில் இருப்பாள். பொதுக்குழி என்றால் என்ன மாசிலாமணி, பொதுவுடைமை பேசினவன்தானே, எல்லோரும் ஒரே குழியில் கிடப்பதில் உனக்கு என்ன வருத்தம் என்று ஒரு குரல் கேட்கிறது. அவள் குரல் மாதிரிதான் இருக்கிறது, இந்த மாதிரிக் குத்தல் அவளுக்குத்தான் வரும். வருத்தம் இருக்கிறது அக்கா. அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு இடம் வெறுமனே கிடக்கிறது. நாற்பத்தைந்து வருஷமாகக் கிடக்கிறது. அம்மா சொல்லித்தான் விட்டுவைத்தார்கள், எனக்கு என்றுதான் எங்கள் ஊர்ச் சபையார் நினைத்தார்கள், நான் கோயிலை விட்டவன் என்று அம்மாவுக்குத் தெரியாதா.

இது நாலாவது நடை. செக்‌ஷனில் இருக்கிற பகவதி மேடத்துக்கு நாற்பது வயசு இருக்கும், கெட்ட மனுஷி இல்லை. முதல் நாள் போனபோது ஐயா உங்க ரெண்டு பேரு ஸ்கூல் சர்டிபிகேட்டும் இருந்தாக் கொண்டாங்க என்றாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, மீதிப் படிப்பெல்லாம் நோட்டீஸிலும் சின்னப் புத்தகத்திலும் ஜெயிலிலும் படித்தது, அதற்கு யார் சர்டிபிகேட் தருவார். ரெண்டாவது நாள் ஞானஸ்நானப் பதிவேடு கேட்டாள். கோயிலுக்குப் போனேன், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு படியேறினேன், நாங்கள் பிறந்த வருஷங்களின் ஏட்டைக் கரையான் தின்று சல்லடையாக்கி வைத்திருந்தது. திரும்ப வந்து சொன்னேன். அப்ப ஒண்ணு செய்ங்க ஐயா, ரெண்டு பேரு பேரும் ஒண்ணா இருக்கிற மாதிரி, என்ன உறவுன்னு போட்ட மாதிரி ஏதாவது பழைய காகிதம் வீட்ல இருக்கான்னு பாருங்க, கல்யாணப் பத்திரிகை, பாகப் பத்திரம், எதானாலும் சரி என்றாள். இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அப்போதும் இதே பையில்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்து ரெண்டு நாள் தேடினேன், இல்லாத காகிதத்தைத் தேடுகிறோம் என்று தெரிந்தே தேடினேன். உலகத்தில் எங்கள் ரெண்டு பேர் பேரும் சேர்ந்து அச்சான காகிதம் ஒன்றுதான். அதை அடித்தவன் நான். ஐந்நூறு பிரதி.

பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். மகளுக்குச் சாதிச் சான்றாம், கையில் மஞ்சள் பை. காலைப் பார்த்தேன். மனுஷரைக் காலில் பார்ப்பது எனக்குப் பழக்கம். பாதம் வெளுத்து விளிம்பு வெடித்திருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அண்ணாச்சி, நீங்க செங்கொடி மாசிலாமணி அண்ணாச்சிதான என்றாள். ஆமா என்றேன். நீங்களே உள்ள வந்து உக்காந்துட்டா வெளிய யாரு கத்துவா என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எந்த அளம் என்று கேட்டேன். முள்ளக்காட்டுப் பக்கம், பேரு பிரமு, எங்கம்மாவும் அளத்துலதான் கிடந்தா, அம்பத்துமூணு ஸ்டிரைக்குல உங்ககூட இங்க வந்து நின்னவ என்றாள். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, உங்களப் பத்தி ரொம்பச் சொல்லுவா அண்ணாச்சி, தாழ்மையுடன்னு ஒரு வார்த்த எழுத மாட்டேன்னுட்டாரு அந்த மனுசன், அந்த ஒத்த வார்த்தைக்காவ பதினோரு நாளு கூடுதலா கஞ்சியில்லாம கிடந்தோம்பா. திட்டுவாளா என்றேன். திட்டவும் செய்வா, பெருமையாவும் சொல்லுவா, எந்த நேரத்துல எதச் சொல்லுவான்னு தெரியாது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். கூலி விஷயமெல்லாம் பேசி முடிந்துவிட்டது அன்றைக்கு, எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதினேன், மேலே கோரிக்கை என்று போட்டேன். மனு என்று போடுங்கள், கடைசியில் தாழ்மையுடன் என்று போட்டுக் கையெழுத்திடுங்கள், அதுதான் வழக்கம் என்றார் தாசில்தார். நாங்கள் தாழ்ந்தவர்கள் இல்லை என்று தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் நூறு பேரும் கைதட்டினார்கள். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் கலெக்டர் தலையிட்டு அந்த வார்த்தை இல்லாமலே வாங்கிக்கொண்டார்கள், அதை என் வாழ்நாள் வெற்றி என்று முப்பது கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கைதட்டினவர்களில் இவள் அம்மா ஒருத்தி. அன்றைக்கு ராத்திரி அவள் அடுப்பில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. இந்த வாயால் இதுவரை கேட்கவில்லை.

பினாயில் காய்ந்துகொண்டு வருகிறது. நெடி குறைகிறது, எனக்கு அது குறையக் கூடாது போல இருக்கிறது. நாற்பதாம் வருஷம், பஞ்சாலை வாசலில் தடியடி, மண்டை பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடிக்கும் என்று நேராக அக்கா வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்குப் போனேன். மயிரைச் சிரைத்து டிஞ்சர் வைத்தாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்துல, கத்துனா வலி குறையும், கூட்டத்துல மட்டுந்தான் கத்துவியோ என்றாள். ஏழு தையல். முடித்துவிட்டு என் தலையை இடுப்போடு அணைத்து ஒரு நிமிஷம் வைத்திருந்தாள், அவள் வயிறு குலுங்கிற்று, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போதும் விரலை வைத்தால் அந்த ஏழும் தட்டுப்படுகிறது. மயிர் உதிர்ந்துவிட்டதால் முன்னைவிட நன்றாகவே தட்டுப்படுகிறது. அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் அவள் பட்டாளத்து நர்ஸ் வேலைக்கு எழுதிப்போட்டு எடுபட்டாள். அது வெள்ளைக்காரன் யுத்தம், ஏகாதிபத்தியம் ரெண்டு தங்களுக்குள் அடித்துக்கொள்கிறது, ஒரு ஆளும் போகாதே, ஒரு காசும் கொடுக்காதே என்று ஊரெல்லாம் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், என் வீட்டிலிருந்தே ஒருத்தி போகிறாள். கூட்டத்தில் ஒருவன் எழுந்து கேட்டேவிட்டான், தோழர் அக்காவுக்கு மட்டும் விலக்கு உண்டோ என்று. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு. அன்றைக்கே பிரஸ்ஸுக்குப் போனேன். பிரஸ்காரன் ஆரோக்கியமே அச்சுக் கோத்தான், கோத்துக்கொண்டு வரும்போது பாதியில் கை நின்றது, ஏல மாசி, அக்கா பேரயா போடுத, கோத்தத இப்பயும் கலைச்சிரலாம்ல என்றான். கலைக்காதே என்றேன். எங்கள் நோட்டீஸில் பிரஸ் பெயர் போட மாட்டோம், போலீஸ் வந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இதில் போடு, என் பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்துப் போடு, மறைந்து நின்று சொல்லுகிறவன் இல்லை நான் என்றேன். ஆரோக்கியத்தின் மிஷின் போயிற்று. எனக்கு ஆறு மாசம். ஒரு நோட்டீஸுக்காக ஆறு மாசம் உள்ளே இருந்தவன் என்று மேடையில் சொல்லியிருக்கிறேன், எந்த நோட்டீஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

போலீஸ் வந்தது மறுநாள். நோட்டீஸ் அடித்த அன்றைக்குச் சாயங்காலமே மெயில் ரயிலுக்கு ஸ்டேஷனில் கூட்டம், பட்டாளத்துக்குப் போகிற ஆள்களை வழியனுப்ப வந்தவர்கள். நான் நடுவில் நின்று ஒவ்வொரு கையிலும் திணித்துக்கொண்டு போனேன். ஒரு கை நீண்டது, கொடுத்தேன், கொடுத்த பிறகுதான் அந்தக் கை எது என்று தெரிந்தது. நிமிர்ந்தேன். நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரம்தானே. நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் முகத்தில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஐம்பத்து மூன்று வருஷமாக யோசிக்கிறேன், ஒன்றும் ஞாபகம் இல்லை, கைதான் ஞாபகம் இருக்கிறது. தாளைக் குறுக்கே ஒரு மடிப்பு, நெடுக்கே ரெண்டு மடிப்பு, ஒரு முனையை இன்னொரு முனைக்குள் செருகினாள், ஆஸ்பத்திரியில் பொடி மருந்து மடிப்பார்களே அந்த மடிப்பு. நல்ல காகிதம்ல, பொடி மடிக்க ஆகும் என்றாள். ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் அடுத்த கையில் அடுத்த நோட்டீஸைத் திணித்தேன். ரயில் நகர்ந்ததைக்கூடப் பார்க்கவில்லை, கூவிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஊரெல்லாம் பேசுதாகளே, அதுல என்னல போட்டிருக்கு, வாசி என்றாள். வாசித்தேன். உப்பளம், விலைவாசி, வெள்ளையன், எல்லாம் வாசித்தேன், கடைசி நாலு வரியை மட்டும் விட்டுவிட்டேன். அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றேன். மறுநாள் தெருக் குழாயடியில் யாரோ அந்த நாலு வரியையும் சொல்லிவிட்டார்கள். நான் ஜெயிலிலிருந்து வந்தேன், வருஷக் கடைசியில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், அதற்கு முன்பே ரஷ்யாவை ஹிட்லர் அடித்துவிட்டான், கட்சிக்குள் ஆறு மாசம் வாதம் நடந்து கடைசியில் சுற்றறிக்கை வந்தது. இது இனி ஏகாதிபத்திய யுத்தம் இல்லை, மக்கள் யுத்தம், ஆதரிக்க வேண்டும். நம்பினேன். முன்னே சொன்னதையும் நம்பினேன், பின்னே சொன்னதையும் நம்பினேன், சம்பளத்துக்கு மாற்றிப் பேசவில்லை, ஊர் என்னைக் காறித் துப்பியபோதும் முச்சந்தியில் நின்று அதையும் கூவினேன். அந்த நோட்டீஸ் கட்டோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா கேட்டாள். இதுல என்னல போட்டிருக்கு. சொன்னேன். கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். அப்பம் அவ போனது சரிதானல என்றாள். சரின்னு ஒரு நோட்டீஸ் அடி, அவ எனக்கு அக்காதான்னு போடு என்றாள். கட்சிச் செயலாளரிடம் போய்க் கேட்கத்தான் செய்தேன். தோழர், ஊரில் காகிதப் பஞ்சம், குடும்ப விஷயத்துக்கெல்லாம் காகிதம் கிடையாது என்றார். வெளியே வந்தபோது எனக்கு மூச்சு லேசானது, அதுதான் உண்மை, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குள் அவள் பட்டாளம் போயிருந்த சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்துவிட்டது. யாருக்கு அனுப்ப, எங்கே அனுப்ப என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்பத்தாறில் பட்டாளத்திலிருந்து ஒரு அட்டை வந்தது, இறந்ததாகக் கருதப்படுகிறது என்று. அம்மா அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தாள். சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், தட்டு காலியானால் பார்த்து வைப்பாள். பேச மாட்டாள். சாகும்போது பக்கத்து இடத்தை விட்டு வைக்கச் சொன்னதும் என்னிடம் இல்லை.

காகிதப் பஞ்சம் அங்கேயும் இருந்திருக்கிறது. அந்தச் சபைச் செயலாளர் எழுதியிருக்கிறார், அம்மையாரின் தகரப்பெட்டியைப் பழைய போதகர் கோயிலில் வைத்திருந்தார், அதில் இருந்த ஒரே அச்சுத்தாள் இது, அடியில் பிரஸ் முகவரி இருந்ததால் உங்களுக்கு எழுதினோம், இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து அனுப்புகிறோம், மூலத்தை எலும்புகளுடன் ஒப்படைப்போம் என்று. பிரஸ் இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. தபால்காரர் பெயரைப் பார்த்துவிட்டுக் கட்சி ஆபீஸில் கொண்டுவந்து போட்டார். முதல் தாள் என் பக்கம். ஜெராக்ஸில் மடிப்புக் கோடுகள் கறுப்பாக விழுந்திருக்கின்றன, குறுக்கே ஒன்று, நெடுக்கே ரெண்டு. பொடி மடிக்கவில்லை அவள். மூன்று வருஷம் அப்படியே வைத்திருந்திருக்கிறாள். ரெண்டாவது தாள் பின்பக்கம். பென்சிலில் பொடி எழுத்து. ரயில்பாதை போட ஜப்பான்காரன் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழ் ஆள்கள் நோயோடு திரும்பிவந்து அந்தக் காலராக் கொட்டகையில் விழுந்தார்களாம், செத்துப்போகிறவர்களின் பெயரை அதில் எழுதி வைத்திருக்கிறாள், யாராவது பிற்பாடு ஊருக்கு எழுதிப்போடுவார்கள் என்று. மருதன், திருவண்ணாமலைப் பக்கம், மனைவி செங்கம்மா. பொன்னன், லால்குடி. சடையன், ஊர் சொல்லும் முன். அங்கம்மாள், கைக்குழந்தையும். வீராசாமி, துறையூர், அண்ணன் இருக்கிறான். பெயர் தெரியாது, இடது கையில் தேள் பச்சை. முப்பத்தொன்பது பேர். எனக்கு இப்போது பாராமல் சொல்ல வருகிறது. முப்பது வருஷம், நாற்பது வருஷம் நோட்டீஸ் எழுதினேன், தொழிலாளர்களே, தோழர்களே, உழைக்கும் மக்களே என்று கொட்டை எழுத்தில் கூப்பிட்டேன், ஒன்றிலாவது ஒரு தொழிலாளியின் பெயரைப் போட்டேனா. ஒரு ஊர், ஒரு மனைவி, ஒரு பச்சைக்குத்து. நான் அடித்ததில் பெயர் போட்டது ஒரே ஆள், அவள்தான், அதுவும் எதற்காக. கடைசி மூன்று பெயரில் பென்சில் அழுந்தவில்லை, அதற்குள் அவளுக்கும் காலரா வந்துவிட்டிருக்கும். அதற்குக் கீழே ரெண்டு வரிக்கு இடம் கிடக்கிறது. அவள் பெயர் இல்லை. எழுத ஆள் இல்லை.

மாசிலாமணி ஐயா, வாங்க, தாசில்தார் அய்யா ஒரு மணிக்குக் கேம்ப் போறாரு என்று மேடத்தின் குரல் கேட்டது. எழுந்தேன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழவேண்டியிருந்தது, பிரமு முழங்கையில் கை கொடுத்தாள், கூடவே வந்தும் நின்றுவிட்டாள், போ என்று எப்படிச் சொல்ல. பேப்பர் கிடைச்சுதா ஐயா. கை பைக்குள் போகிறது. எடுக்கிறது. கை தன்னால் எடுத்துவிட்டது, நான் எடுக்கவில்லை. மேஜையில் வைத்து மடிப்பை நீவினேன், ஒரு பழக்கம், நோட்டீஸ் கட்டைப் பிரித்ததும் நீவுவது. அவள் பேனாவால் வரிக்கு வரி தொட்டுக்கொண்டு, ஆபீஸ்காரர்கள் பெயர் சரிபார்க்கும்போது வாசிப்பார்களே அப்படி, பெயர்கள் இருந்த கடைசி நாலு வரியை வாய்விட்டு வாசித்தாள். மாசிலாமணி ஆகிய நான் அறிவிப்பதாவது, காலஞ்சென்ற உபதேசியார் ஞானாதிக்கம் மகளும், சரி, அப்பா பேரு இருக்கு, என் உடன்பிறந்த அக்காளுமாகிய, உறவும் இருக்கு, நர்ஸ் கிருபாவதி, இதான் கேட்டேன் ஐயா நான் அன்னைக்கே, வெள்ளையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாள். இன்று முதல் எனக்கு அக்காள் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படியே சொல்லுங்கள். பேனா நின்றது. முதுகுக்குப் பின்னால் பிரமுவின் மஞ்சள் பை சரசரப்பதும் நின்றது. அடுத்த மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவரும் நிறுத்தினாரா, இல்லை எனக்குத்தான் காது அடைத்ததா. இது யாரு அடிச்சது. நான்தான். என்ன ஐயா இது, அக்கா இல்லைன்னு போட்ட பேப்பரக் கொண்டாந்து குடுத்து அக்கான்னு சர்டிபிகேட் கேக்கீங்க. இருந்தாத்தானம்மா இல்லைன்னு சொல்ல முடியும் என்றேன். பட்டென்று வந்தது. மேடையாக இருந்தால் கைதட்டல் விழுந்திருக்கும். சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, இப்போதும் பார், ஜெயிக்கப் பார்க்கிறது நாக்கு.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ரெண்டாவது தாளை எடுத்தாள். இவங்கள்லாம் யாரு. அவ பாத்த ஆளுக, செத்துப்போனவங்க. லால்குடி என்று மெதுவாக வாசித்தாள், எங்க மதினி ஊரு என்றாள். பாதிக்கு மேல் வாய்விட்டு வாசிக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதுல உறவுன்னு போட்டிருக்கு, அதத் தள்ளிவிட்டும் போட்டிருக்கு, இப்படியே அய்யாகிட்ட கொண்டுபோனா எடுத்து வீசிருவாரு என்றாள். ஒண்ணு செய்யலாம். இவங்க என் அக்கான்னு இப்ப உங்க கையால ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க. தனித்தாளு வேண்டாம், தனித்தனியாப் போனா ஒண்ணு தொலையும், இந்தக் காப்பிக்குப் பின்பக்கமே எழுதுங்க, நான் கொண்டுபோய் நேர்ல சொல்லிக்கிடுதேன். கடைசியில தாழ்மையுடன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அது இல்லன்னா திருப்பி விட்டுருவாரு. ஸ்டூலை இழுத்துப் போட்டாள், பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். பிரமு என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்தேன்.

தாளைத் திருப்பினேன். வெள்ளை. என் நோட்டீஸின் கறுப்பு இந்தப் பக்கம் நிழலாகத் தெரிந்தது. அறிவிப்பதாவது என்று கை தன்னால் தொடங்கியது, அதற்கு வேறு தொடக்கம் தெரியாது. ஞானாதிக்கம் மகள் கிருபாவதி என் உடன்பிறந்த அக்காள். இதன் மறுபக்கத்தில் நான் அச்சிட்டது தவறு. அதெல்லாம் வேண்டாம் ஐயா, உறவு மட்டும் போதும் என்றாள் மேடம். இருக்கட்டும்மா என்றேன். நீ கேட்ட நோட்டீஸுக்குக் காகிதம் கிடைத்துவிட்டது அம்மா, ஐம்பத்திரண்டு வருஷம் ஆயிற்று, கிடைத்துவிட்டது. அதற்குக் கீழே பேனா நின்றது. ஒரு சொல்தான். இதற்குப் பதினோரு நாள் நூறு குடும்பத்தைப் பட்டினி போட்டவன். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது. அக்கா என்னைவிட மூன்று வருஷம் பெரியவளாக இருந்தாள், இப்போது என் பேத்தி வயசில் ஒன்றரை அடிப் பெட்டிக்குள் இருந்துகொண்டு பார்க்கிறாள், எழுதுல, கூட்டத்துல மட்டுந்தானா ஒனக்குக் கை ஓடும். தாசில்தாருக்கு இல்லை, அக்கா. தாழ்மையுடன். அடுத்த வரியில் தம்பி என்று போட்டு, அதற்குக் கீழே மாசிலாமணி. எழுத்துக் கோணிவிட்டது. மேடம் தாளை எடுத்து ஊதிக் காயவைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்து மூடியது. மின்விசிறி ஓடியது. பிரமு பக்கத்தில் வந்து, எங்கம்மா இருந்திருந்தா என்று ஏதோ தொடங்கி, ஒண்ணுமில்ல அண்ணாச்சி என்று நிறுத்திக்கொண்டாள். கதவு திறந்தது. மேடத்தின் கையில் தாள், தாளில் ஊதா முத்திரை. பஜார் பூத்துல ஃபேக்ஸ் இருக்கு, இப்பமே போயிருங்க என்றாள். ரெண்டாவது தாளை என் பக்கம் தள்ளினாள். இது தேவையில்ல, நீங்களே வெச்சுக்கிடுங்க. பேனாவைக் கேட்டாள். ஒரு நிமிஷம்மா என்றேன். முப்பத்தொன்பதாவது பெயருக்குக் கீழே, அந்த ரெண்டு வரி இடத்தில், அவள் எழுதியிருந்த மாதிரியே பொடி எழுத்தாக எழுதினேன். கிருபாவதி, தூத்துக்குடி. தம்பி இருக்கிறான்.